பின்னாலிருந்து விட்ட தண்ணீர்

“மேடம், அதுங்களுக்குக் கண்ணு கிடையாது, காது கிடையாது. வழி எப்படிங்க தெரியுது?”

பெனினாள் மேடம் தலை நிமிரவில்லை. “எதுங்களுக்கு?”

“விந்தணுவுக்குங்க. மாட்டுக்குச் சினை ஊசி போட்டுட்டு நாம கையைக் கழுவிட்டுப் போயிர்றோம். அதுக்கப்புறம் அது எப்படிங்க கருமுட்டை இருக்கற இடத்துக்குப் போய்ச் சேருது?”

“பாருங்க.”

“என்னத்தைங்க பார்க்கறது?”

“மைக்ரோஸ்கோப்பைத்தான்.”

இப்படித்தான் எங்கள் பாடம் தொடங்கியது. குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடனாகிய எனக்கு நாற்பத்தேழு. இருபது வருஷம் ஊர் ஊராகப் போய்ச் சினை ஊசி போட்ட கால்நடை டாக்டர் நான். படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு மேடம் வேலை பார்த்த கால்நடைக் கல்லூரிக்கு ஆராய்ச்சி செய்ய வந்திருந்தேன். இந்த வயதில் உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காத உறவினர் இல்லை.

பதினான்கு வருஷமாகிவிட்டது. அந்த ஆய்வகத்தின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. ஸ்பிரிட்டும், மேடம் ஃபிளாஸ்கில் கொண்டுவரும் சுக்குக் காப்பியும் கலந்த வாசனை. அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கிய இடம் வேறில்லை.

சோதனை இதுதான். கண்ணாடித் தகட்டில் நாலைந்து தலைமுடி அகலத்துக்கு ஒரு வாய்க்கால். ஒரு முனையில் பசுவின் கருமுட்டை. மறு முனையில் காளையின் விந்தணுக்கள். அவை முட்டையிடம் போய்ச் சேர வேண்டும்.

சேரவில்லை. ஆயிரக்கணக்கில் விட்டேன். ஒன்று சுவரில் முட்டியது. ஒன்று வட்டமடித்தது. ஒன்று நின்ற இடத்திலேயே வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு பதறும்.

நான் இளகிய மனசுக்காரன். கொஞ்சம் உதவி செய்தேன். விந்தணுக்களுக்குப் பின்னாலிருந்து ஊசியால் மெல்லத் தண்ணீர் விட்டேன். உண்மையில் அது உப்புக் கரைசல். பேச்சுக்குத் தண்ணீர் என்போம். தள்ளிவிட்டால் போய்ச் சேர்ந்துவிடும் அல்லவா?

எல்லாம் திரும்பிக்கொண்டன. முட்டைக்கு முதுகைக் காட்டிவிட்டு என் ஊசியை நோக்கி நீந்தி வந்தன.

இன்னும் கொஞ்சம் தள்ளினேன். இன்னும் பிடிவாதமாக எதிர்த்து வந்தன.

மூன்று மாதம் இதே கதை. காளையைக் குறை சொன்னேன். ஊசியைக் குறை சொன்னேன். கரண்ட்டைக்கூடக் குறை சொன்னேன். மேடம் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். “பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அதே மூன்று மாதம்தான் என் மகள் கோகிலவாணியும் வீட்டில் இல்லை. பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பேக்கரியில் கேக் செய்யும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆய்வக வராந்தாவில் நின்று அவளைக் கூப்பிடுவேன்.

“கண்ணு, அப்ளிகேஷன் வாங்கி அனுப்பியிருக்கேன். கையெழுத்து மட்டும் போடு.”

“ம்.”

“மத்ததெல்லாம் அப்பா பார்த்துக்கறேன். நீ வந்து எழுதினாப் போதும்.”

“ம்.”

வாயாடி அவள். சின்ன வயதில் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு என்னோடு மாடு பார்க்க வருவாள். ஊர் போய்ச் சேரும்வரை வாய் ஓயாது. அந்தப் பேச்சைக் கேட்டு எட்டு வாரமாகியிருந்தது. ஒருநாள் இந்த ‘ம்’ கூட நின்றுவிடுமோ என்று பயந்தேன். பயந்து, மறுநாளும் அதையே சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தாங்க முடியாமல் கேட்டே விட்டேன்.

“மேடம், தப்பு எங்கேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?”

“எந்திரிங்க சார்.”

எழுந்தேன்.

“வாசலைப் பார்த்து நில்லுங்க.”

நின்றேன். பின்னாலிருந்து ஒரு தடித்த ஃபைலை என் முதுகில் வைத்துத் தள்ளினார். காலை ஊன்றிக்கொண்டேன். இன்னும் தள்ளினார். சட்டென்று திரும்பிவிட்டேன்.

“எதுக்குத் திரும்புதீங்க?”

“பின்னால இருந்து தள்ளினா ஆரா இருந்தாலும் திரும்பத்தானுங்க செய்வாங்க!”

“வாசல் அந்தப் பக்கம்லா இருக்கு.”

ஃபைலை மேசையில் போட்டுவிட்டுச் சுக்குக் காப்பியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் வாசலைப் பார்த்தேன். மைக்ரோஸ்கோப்பைப் பார்த்தேன். அதன் அடியில் தகட்டில் செருகியிருந்த என் ஊசியைப் பார்த்தேன்.

“மேடம், மாட்டுக்குள்ள, கருக்குழாயில, ஓட்டம் எந்தப் பக்கமிருந்துங்க வருது?”

“மூணு மாசத்துல இன்னைக்குத்தான் ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க.”

“முட்டை இருக்கற பக்கமிருந்துங்களா?”

அவர் சிரித்தார்.

ஊசியைக் கழற்றி முட்டை இருக்கும் முனையில் பொருத்தினேன்.

“மெல்ல சார். வேகமா விட்டா எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும்.”

மெல்ல விட்டேன்.

தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சுவரோரமாக ஒட்டிக்கொண்டு, வருகிற தண்ணீரை எதிர்த்து நீந்தின. முட்டைக்குப் பக்கத்தில் போனவற்றில் சில, வாலைப் பலமாக வீசி அதை நோக்கித் திரும்பின. எல்லாம் இல்லை. நூற்றுக்குப் பத்து இருக்கலாம். அந்தப் பத்தைப் பார்த்ததற்கே என் கண் நிறைந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் நிறைகிறது.

“மிச்சத்தை என்னங்க பண்றது?”

“விடுங்க. அதுக்கு இன்னும் நேரம் வரலை.”

மணி ஆறு. வராந்தாவுக்குப் போனேன்.

“கண்ணு.”

“ம்.”

விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமைதான் கடைசித் தேதி. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

“அப்பா மூணு மாசமா தப்பான பக்கமிருந்து தண்ணி விட்டுட்டு இருந்திருக்கேன் கண்ணு.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. பேசாமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“எந்தத் தண்ணிப்பா?” என்றாள்.