பிடரியின் நிறம்

“‘முன்னால வரும்போது நீ, திரும்பிப் போகும்போது உங்க அம்மா.’ இப்படியே சொன்னார் எங்க வீட்டுக்காரர், மிஸ். ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல. என் தங்கச்சி முன்னாடி, அவ வீட்டுக்காரர் முன்னாடி!”

“நீங்க சும்மாவா இருந்தீங்க?”

“உங்களுக்கு முன்னாலயும் முடி இல்ல, பின்னாலயும் இல்லன்னேன். எட்டு நாளாச்சு. பேச்சு வார்த்தை கிடையாது.”

அமலோற்பவத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. தாட்சாயிணிக்கு முப்பத்தைந்து. ஆனாலும் புத்தூர் மாடியறை பியூட்டி பார்லரில் தாட்சாயிணிதான் குரு. ஆறு மாத வகுப்பில் சேர்ந்த ஒன்பது பேரில் ஓடாமல் மிஞ்சிய ஒரே சிஷ்யை அமலோற்பவம். த்ரெட்டிங் வந்துவிட்டது. பொறுமை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயம். மேடையில் அவரும் இவளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நின்றால் மாப்பிள்ளை வீட்டார் கவனிக்காமல் விடுவார்களா? அவர்கள் டம்ளரின் அடியைத் திருப்பிப் பார்க்கிற ரகம்.

“அவர் வாயை அடைக்கிற மாதிரி ஒரு ஹேர் டை ஷேடு சொல்லுங்க, மிஸ்.”

“போன தடவை போட்டது எது?”

“ஒண்ணாம் நம்பர். கருகருன்னு.”

“யாரு போட்டுவிட்டா?”

“நான்தான். பாத்ரூம் கண்ணாடியில பார்த்து.”

“பார்த்தவங்க என்ன சொன்னாங்க?”

“எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. இவரைத் தவிர.”

“எல்லாரும் எதைப் பார்த்தாங்க?”

“முகத்தைத்தான்.”

“நீங்க திரும்பிப் போகும்போது யாரு பார்த்தா?”

அமலோற்பவம் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். “குத்தம் கண்டுபிடிக்கத்தானே பார்த்தார்?”

குரு ஷேடு கார்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நம்பர் வாரியாகச் சின்னச் சின்ன முடிக்கற்றைகள் ஒட்டிய அட்டை அது. ட்யூப்லைட்டில் பார்த்தால் பாதிக் கற்றை ஒரே கருப்பாகத்தான் தெரியும்.

“குனிங்கக்கா.”

பின்மண்டையில், கை எட்டாத இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை. அதற்கும் கீழே பிடரி. நரை கடைசியாக வந்து சேருகிற இடம். அங்கே கொஞ்சம் முடி இன்னும் பிறந்த நிறத்திலேயே இருந்தது. குரு அதில் ஒன்றைப் பிடுங்கினாள்.

“ஆ! சொல்லிட்டுப் பிடுங்கக் கூடாதா?”

அந்த ஒற்றை முடி ஒன்றாம் நம்பர் கருப்பின் மேல் செம்பட்டையாகத் தெரிந்தது. மூன்றாம் நம்பரோடும் ஏறக்குறைய ஒத்துப்போனது, நாலோடும் ஒத்துப்போனது. இரண்டும் பழுப்பு. ஒன்று அடர்த்தி, ஒன்று கொஞ்சம் வெளுப்பு.

“பழுப்பா? நான் நல்ல கருப்புல்ல?”

“இருபது வயசுலயும் நீங்க கருப்பில்லக்கா. அது எண்ணெய்க் கருப்பு.”

“இத்தனை வருஷமா எனக்கே தெரியாதே!”

“உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணு முன்னாடில்ல இருக்கு.”

“சரி, மூணா நாலா? சட்டுனு சொல்லுங்க, மிஸ். நான் குக்கர் வெச்சுட்டு வந்திருக்கேன்னு நினைச்சுக்கங்க.”

“ஒத்தை முடியில தெரியாது. மொத்தமாப் பார்க்கணும். இந்தாங்க.”

இடது கையில் ஒரு கண்ணாடி கொடுத்தாள். வலது கையில் ஒன்று. அமலோற்பவம் கழுத்தை ஒடித்து ஒடித்துப் பார்த்தாள்.

“மேல் முடி வந்து மறைக்குது.”

“தூக்கிப் பிடிங்க.”

“எந்தக் கையால?”

குரு சிரித்தாள். சிஷ்யை சிரிக்கவில்லை. இரண்டு கண்ணாடியையும் டக்கென்று மேஜையில் வைத்தாள்.

“அப்ப நீங்களே பார்த்துப் போட்டுவிடுங்க.”

“போடலாம். ஆனா உங்க தலையை எனக்கு ஆறு மாசமாத்தானேக்கா தெரியும்?”

சிஷ்யை தானாகவே கைப்பையைத் திறந்து நீட்டினாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

குரு மூன்றாம் நம்பர் ஒன்று, நாலாம் நம்பர் ஒன்று என்று இரண்டு பெட்டிகளைப் பையில் போட்டாள். ஒரு ஜோடி கையுறையும் போட்டாள். பெரிய சைஸ்.

வீட்டில் அவள் கணவர் ஞானப்பிரகாசம் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அமலோற்பவம் ஸ்டூலைக் கொண்டுவந்து அவர் எதிரில் போட்டாள். முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பெட்டிகளைத் தரையில் வைத்தாள்.

“மூணா நாலான்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் எழுந்து போனார். குழாய் ஓடியது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு வந்தார். ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்து, ஸ்டூலைத் தட்டிக் காட்டினார். அவள் எழுந்தாள். அவர் ஸ்டூலை வெளிச்சத்துக்கு நகர்த்தினார். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

மேல் முடியை மெதுவாகத் தூக்கினார். விரல்கள் பிடரியில் வந்து நின்றன. பூண்டு வாசனை போகவில்லை.

தெருவில் தக்காளி வண்டிக்காரர் கூவிக்கொண்டே அந்தக் கோடிக்குப் போனார். திரும்பி இந்தக் கோடிக்கும் வந்துவிட்டார். விரல்கள் அங்கேயே இருந்தன.

“ஏங்க, பார்த்தது போதும். நம்பரைச் சொல்லுங்க.”