காது தூக்காத ஆமை

ஒரு காட்டில் மைனா ஒன்று பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. ஆற்றோரத்து மணல் திட்டுதான் வகுப்பறை. காட்டெருமைகள் மிரண்டால் அந்தத் திட்டின் மேல்தான் ஓடிவரும். பக்கத்திலிருந்த உயரமான மேட்டில் இடம் கேட்டால் யார் கொடுத்தார்கள்? அதனால் எருமைகள் வருவதை முன்கூட்டியே அறிவதுதான் அங்கே முதல் பாடம்.

காட்டுப் பள்ளிகளுக்கெல்லாம் மேலதிகாரி கரடியார். அந்தப் பாடத்தை அவர் இரண்டே சொல்லில் முடித்திருந்தார்.

"காதைத் தூக்கு!"

முயல்குட்டி தூக்கியது. மான்குட்டி தூக்கியது. ஆமைக்குட்டி கழுத்தைத் தூக்கியது. பாவம், தூக்குவதற்கு அதனிடம் காது மடல் எங்கே இருக்கிறது?

"ஊரோடு ஒத்து வாழத் தெரியவில்லையே இதற்கு! அடுத்த பரீட்சையிலும் காதைத் தூக்காவிட்டால், பள்ளியை விட்டு நிறுத்திவிடு" என்று சொல்லிவிட்டுக் கரடியார் போய்விட்டார்.

ஆமைக்குட்டி ஓட்டுக்குள் இருந்தபடியே அழுதது. "எனக்குப் படிப்பே வராதா டீச்சர்?"

"வரும். எந்த வழியாக வரும் என்றுதான் தேட வேண்டும்" என்றது மைனா.

ஆமையை மணலோடு ஒட்டிப் படுக்க வைத்தது. மான்குட்டியைத் தூரத்தில் குதிக்கச் சொன்னது.

"ஏதாவது தெரிகிறதா?"

"வயிறு கூசுகிறது டீச்சர்!"

மைனாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. ஆனால் தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. ஆமையோடு இருந்தால் முயல் தூங்கிவிடும். முயலை எழுப்பப் போனால் மான் புதரை மேயப் போய்விடும். கத்திக் கத்தி மைனாவின் தொண்டை வறண்டது.

போதாததற்குத் தாய்மான் வேறு வந்து நின்றது. "என்ன டீச்சர், ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பா? ஆமைக்கு மட்டும் தனிப் பாடமா?"

"உங்கள் பிள்ளைக்கும் உண்டு அம்மா. எனக்கு இருப்பது ஒரே வாய். அதுதான் கஷ்டம்."

வேறொருவராக இருந்தால் பழையபடி "காதைத் தூக்கு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். மைனா விடவில்லை. உட்கார்ந்து யோசித்தது. பிறகு பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்தது.

"முயல் காதால் படிக்கட்டும். மான் மூக்கால் படிக்கட்டும். ஆமை வயிற்றால் படிக்கட்டும். ஒருவர் படிக்கும்போது மற்றவர்கள் அவரையே பார்க்க வேண்டும். ஆபத்து தெரிந்தால் முயல் என்ன செய்யும்?"

"காலால் தரையைத் தட்டும்!"

"மான்?"

"வாலைத் தூக்கும்!"

"ஆமை?"

"தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும்!"

அன்று முதல் யாரும் தூங்கவில்லை. எவ்வளவு கெட்டிக்கார மைனா பாருங்கள்!

பரீட்சை நாளில் பேய்க்காற்று வீசியது. "காதைத் தூக்கு!" என்று சொல்லிக் கரடியார் தாமும் தூக்கிக் காட்டினார். காற்றின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்கவில்லை. வாடையையும் காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டு போனது.

திடீரென்று ஆமைக்குட்டி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பார்த்தாயா, இன்றைக்கும் இது..." என்று கரடியார் ஆரம்பித்தார்.

"ஆமை தலையை இழுத்துவிட்டது! மேட்டுக்கு ஓடுங்கள்!" என்று முயல் கத்தியது. மான் ஒரே தாவலில் மேடேறியது.

"ஐயா, ஆமையைத் தூக்குங்கள்!" என்று மைனா அலறியது.

ஒன்றும் புரியாமலே கரடியார் ஆமையை அள்ளிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். அவர் ஏறியதும் கீழே எருமைக் கூட்டம் வகுப்பறையைத் துவைத்துக்கொண்டு பாய்ந்தது.

புழுதி அடங்கியது. மைனா மெதுவாகக் கேட்டது: "ஐயா, ஆமை இன்றைக்கும் காதைத் தூக்கவில்லை. நிறுத்திவிடவா?"

கரடியார் ஆமையை மார்போடு அணைத்துக்கொண்டார். "நான் தூக்கினேனே, எனக்கு என்ன கேட்டது?" என்றார். பிறகு மைனாவைப் பார்த்து, "உனக்கு என்ன வேண்டும், சொல்லம்மா" என்றார்.

"இன்னொரு வாய் வேண்டும் ஐயா."

மறுநாள் காலையில் கிளி ஒன்று அந்தப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தது. பள்ளியும் மேட்டுக்கு மாறியது.

நீதி: பாடம் ஒன்றே ஆனாலும், அது பிள்ளைக்குள் நுழையும் வாசல் வேறு வேறு.