விரலை வெட்டாத கத்தி

வல்லக்குளம் ஜமீந்தாருக்குத் தாசில்தாரிடம் இருப்பதைவிட ஒசத்தியான மடக்குக்கத்தி வேண்டுமாம். பாக்கு வெட்டித் தரும் காத்தாயியைக் கூப்பிட்டார்.

"சந்தையில வாங்கிட்டு வா. சட்டைப்பையில கனக்கக் கூடாது, பிடி பளபளன்னு இருக்கணும். என் விரல்ல கீறல் விழுந்துச்சு, உன் வேலை போச்சு!"

"எதை நறுக்கப் போறீங்க, எசமான்?"

"அது உனக்கெதுக்கு? போடி!"

காத்தாயி கத்திக் கடைக்காரன் காதில் ஏதோ சொல்லி, தந்தப்பிடி மின்ன ஒன்றை வாங்கி வந்தாள். ஒரு மாதம் ஜமீந்தார் அதை ஊரெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டார். பிறகு விருந்துக்கு வந்த தாசில்தார் மாம்பழத்தை நீட்டி, "எங்கே, நறுக்குங்க பார்ப்போம்" என்றார். ஜமீந்தார் கத்தியின் அலகை விரிக்க நகத்தால் நெம்பினார், பல்லால் கடித்து இழுத்தார்.

"அடியே, இது வெறும் பிடிதானேடி!"

"விரலைக் காட்டுங்க எசமான், கீறல் இருக்கா? பாக்குலேர்ந்து பலாப்பழம் வரைக்கும் உங்களுக்கு நறுக்கிப் போடறது நான். அதான் எதை நறுக்கப் போறீங்கன்னு அன்னிக்கே கேட்டேன்."

தாசில்தார் விழுந்து விழுந்து சிரித்தார். காத்தாயி இடுப்பில் செருகியிருந்த பழைய கத்தியை எடுத்து மாம்பழத்தை நறுக்கினாள். முதல் துண்டுக்குக் கை நீட்டியவர் ஜமீந்தார்தான்.