முதுகுக்குப் பின்னாடி

குரு, சிஷ்யன்னு சொன்னதுமே நிமிர்ந்து உக்காந்துட்டீங்க பாருங்க. உங்க மனசுக்குள்ள இந்நேரம் ஒரு ஆலமரம் வந்திருக்கும். மரத்தடியில ஒரு காவி, காவிக்கு மேல ஒரு தாடி. சிஷ்யன் கையைக் கட்டி நிப்பான். தாடி கண்ணை மூடிக்கிட்டு, "மகனேஏஏ"ன்னு இழுக்கும். அந்த இழுவை எனக்கும் நல்லா வரும். வேணும்னா அப்புறமா இழுத்துக் காட்டறேன்.

இந்தக் கதையில குருவுக்கு வயசு இருபத்தஞ்சு. பேரு நஸ்ரின். உடுமலைப்பேட்டையில சைக்கிள் கடை வெச்சிருக்கா. தாடி இருக்கறது சிஷ்யனுக்கு. பேரு கோதண்டபாணி, அம்பது தாண்டியாச்சு, பாத்திரக்கடை முதலாளி. அவர் உடம்பைப் பத்தி நான் எதுவும் சொல்லல. அவர் கடை வாசல்ல வந்து நின்னா உள்ள லைட்டு போடணும், அவ்வளவுதான்.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார். இவர் போய் ரேஸ் சைக்கிள் வாங்கிட்டு வந்துட்டார்.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் ஊர்ல ஒரு கூட்டம் சைக்கிள்ல கிளம்பும். இவரும் கூடவே கிளம்புவார். முன்னாடி போறவன் மேல இடிச்சுருவோமோன்னு ஒரு லாரி நீளம் தள்ளியேதான் வருவார். ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள கூட்டம் ஒரு புள்ளியாயிடும். அப்புறம் புள்ளியும் இருக்காது. தனியா போய், தனியா டீ குடிச்சு, தனியா வருவார். வந்தா சாயங்காலம் வரைக்கும் யாரோடவும் பேச்சில்ல.

அவர் சம்சாரம் வாசுகி பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டுக் கேட்டுட்டா.

"ஏனுங்க, காசு குடுத்து வாங்கி இப்படி அழுகணுமா? வித்துப் போடுங்க."

"வர்ற மாசம் ஒரு ரேஸ் இருக்குது. புதுசா ஓட்டறவங்களுக்குன்னே நடத்தறாங்க. அதுலயும் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னா வித்துடறேன்."

"எம்மேல சத்தியமா?"

"சைக்கிள் மேல சத்தியமா."

வாசுகி அதுக்கு மேல கேக்கல. எது பெரிய சத்தியம்னு அவளுக்குத் தெரியும்.

நேரா நஸ்ரின் கடைக்குப் போனார்.

"குருவே."

"அப்படிக் கூப்புடாதீங்கங்ணா. பஞ்சர் ஒட்ட வந்தவங்க சிரிக்கறாங்க."

"சிரிக்கட்டும் குருவே. கூட்டம் என்னை விட்டுட்டுப் போயிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

நஸ்ரின் எந்திரிச்சா. கையில இருந்த கிரீஸைத் துடைச்சா, ஷட்டரை இறக்குனா, சைக்கிளை எடுத்தா. ரெண்டு பேரும் கரண்டு எடுக்கற காத்தாடி நிக்கற ரோட்டுக்குப் போனாங்க. ஆனி மாசம். அந்த ரோட்டுல காத்து எதுத்தாப்புல நின்னு சட்டையைப் புடிக்கும்.

"என் பின்னாடி வாங்ணா. இன்னும் பக்கத்துல. இன்னும். பயப்படாதீங்க, நான் பிரேக் அடிக்க மாட்டேன்."

இவர் சக்கரம் அவ சக்கரத்தைத் தொடற மாதிரி வந்துச்சு.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமே கேக்கலியே."

"சரி. இப்ப நீங்க முன்னாடி போங்க."

முன்னாடி போனார். போனதும் தாடி ரெண்டா வகுந்துகிட்டு ரெண்டு காதுக்கும் போயிடுச்சு.

"இப்ப?"

"காத்துதான். உய்யுன்னு கத்துது."

"ரெண்டுல எது பிடிச்சிருக்குது?"

கோதண்டபாணி யோசிச்சார். கண்ணுக்கு எட்டின வரைக்கும் ரோடு காலியா கெடந்துச்சு. ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துது. அத்தனையும் இவருக்காகவே சுத்தற மாதிரி இருந்துச்சு.

"இதுதாங்க. முன்னாடிதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முன்னாடிதான் குருவே."

நஸ்ரின் சைக்கிளைத் திருப்பினா. "சரி, வீட்டுக்குப் போலாம்"னுட்டா.

ராத்திரி தோசை போடறப்ப வாசுகி கேட்டா. "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தா அந்தப் புள்ளை?"

"ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. காது கேக்குதான்னு டெஸ்ட் பண்ணுச்சு."

ரேஸ் அன்னிக்கு காலைல கோதண்டபாணி ஜெர்சியைப் போட்டுட்டு வந்தார். போட்டுட்டு வந்தார்னு சொல்றது ஒரு பேச்சுக்கு. திணிச்சுட்டு வந்தார். ரேஸுக்குப் போட்ட பந்தல்ல இருந்து காத்தாடி ரோட்டுல இருபது கிலோமீட்டர் போகணும், அங்க திரும்பி அதே வழியா பந்தலுக்கே வரணும். நஸ்ரினுக்குத் திருப்பத்துல கொடி புடிச்சு நிக்கற வேலை. முடியாதவங்களை ஏத்திக்க பின்னாடியே ஒரு குட்டியானை லோடு வண்டி வரும். டிரைவர் மயில்சாமி. வாசுகி பந்தல்ல ஃபிளாஸ்கோட உக்காந்திருந்தா.

"குருவே, ரேஸ்ல நான் எங்க இருக்கணும்?"

"உங்களுக்கு எங்க பிடிச்சுதோ அங்க இருங்க."

"அப்ப முன்னாடியா?"

"நான் சொல்லலங்ணா. நீங்கதான் சொன்னீங்க." ஸ்கூட்டரை எடுத்துட்டுத் திருப்பத்துக்குப் போயிட்டா.

விசில் அடிச்சாங்க. ஊர் தாண்டற வரைக்கும் கோதண்டபாணி வழக்கம்போல கடைசி. காத்தாடி ரோட்டுக்குள்ள நுழைஞ்சதும் காத்து மூஞ்சியில அறைஞ்சுது பாருங்க, முன்னாடி போன பசங்க ஒவ்வொருத்தனா அசமந்தமாயிட்டான். ஒருத்தனை ஒருத்தன் பாக்கறான். நீ போ, நீ போங்கறான். எவனும் போறதா இல்ல. இவர் பாட்டுக்கு மிதிச்சுட்டு வந்தார். ஒருத்தனைத் தாண்டினார். அஞ்சு பேரைத் தாண்டினார். அப்புறம் பாத்தா தாண்டறதுக்கு ஆளே இல்ல.

திரும்பிப் பாத்தார். அத்தனை பேரும் வரிசையா இவர் பின்னாடி வந்துட்டிருக்கான்.

மனுசன் மரியாதை தெரிஞ்சவர். இடதுபக்கம் ஒதுங்கினார். "போங்க தம்பி, போங்க."

வரிசை மொத்தமும் இடதுபக்கம் ஒதுங்கிச்சு.

சரின்னு வலதுபக்கம் ஒதுங்கினார். வரிசையும் வலதுபக்கம்.

"பரவால்லீங்ணா, நீங்க போங்க." இது ஒரு குரல், தேன்ல முக்கி எடுத்த மாதிரி.

"செம ஃபார்ம்ல இருக்கீங்கண்ணா." இது மூக்குல இருந்து வந்துச்சு.

"அண்ணா, லேசா நிமிர்ந்து உக்காருங்க. குனிஞ்சே ஓட்டுனா முதுகு வலிக்கும்." இது டாக்டர் மாதிரி பேசற ஒரு குரல்.

என்ன அக்கறைடா சாமி. கோதண்டபாணிக்கு நெஞ்சு விம்மிடுச்சு. சொந்த மச்சான் கல்யாணத்துல கூட இவ்வளவு மரியாதை கெடைச்சதில்ல. நிமிர்ந்து உக்காந்து ஓட்டினார். கையகல மேகம் ஒண்ணு இவரைப் பாக்க எதுத்தாப்புல வந்துச்சு. ஓரத்துல மேஞ்ச எருமை ஒண்ணு தலையைத் தூக்கி இவரை மட்டும் பாத்துச்சு. தொடை ரெண்டும் தீயா எரியுது. எரியட்டும்னு ஓட்டினார்.

திருப்பத்துல நஸ்ரின் கொடியோட நின்னா.

"குருவே, பாத்தீங்களா?"

நஸ்ரின் கொடியை ஆட்டினா.

திரும்பினதும் காத்து முதுகுப் பக்கம் வந்துடுச்சு. அடுத்த நிமிசம் சரசரன்னு ரெண்டு பக்கமும் ஆளுக.

"தேங்ஸ்ணா."

"வர்றேங்ணா."

"ரொம்ப தேங்ஸ்ணா."

அவ்வளவுதான், ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. எதுக்குடா தேங்ஸ், நான் என்ன மொய்யா வெச்சேன்னு யோசிச்சுட்டே மிதிச்சார். மயில்சாமி குட்டியானையைப் பக்கத்துல கொண்டாந்தான்.

"ஏறிக்கிறீங்களா?"

"எதுக்கு? இப்பத்தான் நல்லா இருக்குது."

பாடிட்டே ஓட்டினார். மயில்சாமி ரேடியோவை நிறுத்திட்டு அதைக் கேட்டுட்டு வந்தான்.

இவர் வந்து சேர்றப்ப பந்தல்ல கப்பு குடுத்து முடிச்சிருந்தாங்க. வாசுகி மோர் ஊத்தினா.

"தனியா வர்றீங்க."

"அது கெடக்கட்டும், கதையைக் கேளு. போற வழி பூரா நான்தான் ஃபர்ஸ்ட்டு. ஒருத்தனாலயும் என்னைத் தாண்ட முடியல. அண்ணா போங்க, அண்ணா போங்கன்னு ஒரே மரியாதை."

"வர்ற வழியில?"

மோரைக் குடிச்சார்.

"எத்தனாவதுங்க?"

"எண்ணல."

"உங்களுக்குப் பின்னாடி குட்டியானைதான வந்துச்சு?"

"ஆமா."

"அப்ப விட்டுட்டுத்தான போயிருக்காங்க. சைக்கிள் மேல பண்ணுன சத்தியம் என்னாச்சு?"

கோதண்டபாணி சைக்கிளைப் பாத்தார். ஹேண்டில்பாரைப் புடிச்சிருந்த கை விடல. நல்லவேளையா நஸ்ரின் ஸ்கூட்டர்ல வந்து இறங்கினா.

"குருவே, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. அவனுக என்னை விட்டுட்டுப் போனானுகளா, இல்ல எம்பின்னாடி வந்தானுகளா?"

நஸ்ரின் கொடியைச் சுருட்டிட்டே நின்னா. அதுக்குள்ள டீ கிளாஸோட நின்னுட்டிருந்த மயில்சாமிக்குப் பொறுக்கல.

"அட என்னங்க நீங்க, நான் பூராத் தூரமும் பின்னாடிதான வந்தேன். உங்க முதுகு அகலத்துக்கு ஒருத்தன் மேலயும் காத்தே படலீங்க. எதுத்த காத்துல உங்களைச் செவுரா நிறுத்திட்டு நெழல்ல போற மாதிரி வந்தானுக. ஒருத்தன் ஒத்தக் கையில ஓட்டிட்டு வாழைப்பழம் உரிச்சுத் தின்னான். திரும்பினதும் காத்து முதுகுக்கு வந்துச்சு, உங்களைக் கழட்டி விட்டுட்டானுக."

ஜெயிச்ச கப்பைக் கையில வெச்சுட்டு நின்ன பையன் மெதுவா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். வாசுகி ஃபிளாஸ்க் மூடியை மூடினா, மறுபடி திறந்தா.

கோதண்டபாணி மோர் டம்ளரைக் கீழ வெச்சார்.

"நெசமா குருவே?"

"நெசந்தாங்ணா."

"அப்ப நான் ஓட்டுனது ரேஸே இல்ல."

"இல்லீங்ணா."

"வித்துடட்டுமா?"

நஸ்ரின் சுருட்டின கொடியைக் கக்கத்துல வெச்சா.

"போற வழி பூரா அவங்க பாத்தது உங்க சட்டையைங்ணா. ரோட்டைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். யோசிச்சுட்டு வித்துக்குங்க."