வள்ளத்துப் பெயிண்ட் பூசின மாதா

ஏ ஜெசி, காலை உதைக்காம போர்வைக்குள்ள வை. கடலோரமா ஒரு ஊர்ல ஒரு கன்னியர் மடம் இருந்துச்சு. மடத்துக்குள்ள ஒரு மியூசியம். அத்தை தினம் கூட்டிப் பெருக்குறேன்ல, அதேதான். நீ "ம்" சொல்லணும், இல்லைன்னா நிறுத்திருவேன்.

ம்.

அங்க பறங்கியர் காலத்து மரத்துல செஞ்ச மாதா இருக்காங்க. உன் உசரம்தான். நம்ம ஊரு ஆசாரி செதுக்குனது, அவரு பேரு யாருக்கும் தெரியாது. ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. திருநாளுக்கு முன்னாடி மீன் பிடிக்கப் போற வள்ளத்துக்கெல்லாம் பெயிண்ட் அடிப்பாங்கல்ல, அதுல ஒரு கரண்டி மாதாவுக்குன்னு எடுத்து வைப்பாங்க. அதை வாங்கிப் பூசுறது மடத்து சிஸ்டர் பிரகாசி. முகத்துக்கு ரோஸ், அங்கிக்கு நீலம். ஒரு வருசம் ரெண்டு வருசம் இல்ல, முப்பது வருசம். பாசம் கூடிப்போனா கை சும்மா இருக்குமா?

அப்புறம் மெட்ராஸ்லருந்து கமலவேணின்னு ஒரு அம்மா வந்தாங்க. பழைய சிலைக்கெல்லாம் வைத்தியம் பாக்குறவங்க. டொக் டொக்னு தட்டிப் பாத்தாங்க. "சிஸ்டர், பெயிண்ட் விரல் கனம் இருக்கு. உள்ள ஈரம் நின்னு மரம் உளுத்திருந்தா, முகமே இருக்காது"ன்னுட்டாங்க.

சிஸ்டர் அன்னிக்குச் சோறு தொடல. "மாதா முகத்தை நானே அழிச்சுட்டேனா?"ன்னு என்கிட்ட மட்டும் கேட்டாங்க. நான் வெளக்கமாத்தைச் சாத்தி வெச்சுட்டு அவங்க பக்கத்துல உக்காந்தேன். தூங்கிட்டியா?

ம்ஹூம்.

கமலவேணி அம்மா மொத தடவை பஞ்சுல மருந்தைத் தொட்டுத் துடைச்சாங்க. சர்ர், சர்ர். ரோஸ் போச்சு. பாத்தா, அடியில இன்னொரு ரோஸ். ரெண்டாவது தடவை சூடான காத்து அடிச்சாங்க. உஸ்ஸ்ஸ்னு பெயிண்ட் அப்பளம் மாதிரி பொங்கி உரிஞ்சுது. உள்ள ஒரு வெள்ளை முகம், நீலக் கண்ணு. சிஸ்டர் பொறக்குறதுக்கு முன்னாடியே யாரோ பூசினது. அப்புறம் மூணாவது தடவை, ஆபரேசன் கத்தி. அவங்க சுரண்ட, நான் டார்ச் பிடிக்க, திடீர்னு டக்னு ஒரு துண்டு கீழ விழுந்துச்சு. "போச்சு, காது போச்சு"ன்னு சிஸ்டர் தரையிலயே உக்காந்துட்டாங்க.

ம்...

விழுந்தது காது இல்லடி. காதை மூடியிருந்த பெயிண்ட் கட்டி. அந்த இடத்துல, என் கையைத் தொட்டுப் பாரு, இப்பவும் புல்லரிக்குது, கொஞ்சமும் உளுக்காம, தோள் வரைக்கும் தொங்குற காது. நம்ம பக்கத்துப் பாட்டிமாரு கனமான பாம்படத் தோடு போட்டு வளத்த காது. முகம் நம்ம வெயில் பட்ட நெறம். உதட்டுல சிரிப்பு வரப்போகுது, இன்னும் வரல. பறங்கியரு அவங்க ஊரு மாதாவைக் கேட்டிருப்பாங்க. ஆசாரி தன்னோட அம்மாவைச் செதுக்கி நிப்பாட்டிட்டாரு போல. எனக்குக் கும்பிடக்கூடத் தோணல, பாத்துக்கிட்டே நின்னேன்.

அப்புறம் திருநாள் வந்துச்சு. ஊரே வரிசையில நின்னுது. முன்னாடி நின்னது வள்ளக்காரி மிக்கேலம்மா. சிஸ்டர் அவங்க கையைப் பிடிச்சு, "இந்த முகத்தை முப்பது வருசமா நான்தான் மூடி வெச்சேன், மன்னிச்சிருங்க"ன்னாங்க.

மிக்கேலம்மா மாதா முகத்தைப் பாத்தாங்க. அப்புறம் மெதுவா சொன்னாங்க. "பெயிண்ட் அடிக்காத வள்ளத்தை உப்புக்காத்து தின்னுரும் சிஸ்டர். நீங்க பூசலைன்னா, இன்னைக்கு நாங்க பாக்க இந்த முகம் ஏது?"

கமலவேணி அம்மாவும் ஆமான்னு தலையாட்டினாங்க. சிஸ்டர் பிரகாசி ஏங்கி ஏங்கி அழுதாங்க. வரிசை நகரவே இல்ல, யாரும் நகரச் சொல்லவும் இல்ல.

ஜெசி?

சரி, கதை கரை சேந்துருச்சு. அங்க மாதா முழிச்சிருக்காங்க, நீ தூங்கு.