சாணி போடாத கிடை

சத்தியமாச் சொல்றேன், இதுல ஒரு சொல் பொய்யா இருந்தா என் வாயில மிச்சமிருக்கிற பல்லும் இப்பவே கொட்டிப்போகட்டும்!

ஒரு ஊர்ல முத்திருளன்னு ஒரு மாட்டுக்காரன் இருந்தான். நூறு மாடு உண்டு, வேற நாதி கிடையாது. கோடையில ஊரார் வயல்ல ராத்திரி மாட்டை அடைச்சுப் போடுவான். சாணியும் கோமியமும் வயலுக்கு உரம். அதுக்குப் பேரு கிடை.

அந்த ஊர்ப் பண்ணைக்காரர் சங்கிலியாண்டி. அவர் மக பூவாயி தினம் காலையில கிடைக்குக் கஞ்சி கொண்டுவருவா. ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போச்சு.

பண்ணைக்காரர் சொன்னார்: "ஏலே, மூணு கோடை என் வயல்ல கூலியில்லாம கிடை போடு. பூவாயி உனக்குத்தான்."

முதல் கோடை போட்டான், ரெண்டாங்கோடை போட்டான், மூணாங்கோடையும் போட்டான். நெல்லு வளர்ந்த வளத்திக்கு ஏணி வச்சுத்தான் அறுத்தாங்க. சிரிக்காதீங்க, ஏணி பிடிச்சவனே நான்தான்! அந்த நெல்லை வித்துச் சீர் செஞ்சு, பூவாயியை ஆத்துக்கு அக்கரையில வேற ஒருத்தனுக்குக் கட்டிக்குடுத்துட்டார்.

"என்ன மாமா இது?"

"யாருலே மாமா? மாடு மேய்க்கிறவனுக்கு என் பொண்ணா? கூலி தாரேன், கிடை போடு."

அடுத்த கோடையும் அவன் வந்தான். கூலிக்கு இல்ல. அவ நடந்து வந்த வரப்பைப் பார்த்துக்கிட்டு உக்காரலாமேன்னு.

ஆனா மாடுக சாணி போடலை! வயிறு முரசு மாதிரி உப்புது, வயல் துடைச்ச மாதிரி கிடக்கு. வரப்பைத் தாண்டி அடுத்தவன் வயல்ல கால் வச்சதும் நூறும் பொதபொதன்னு கொட்டுது.

"என்ன மருந்துலே வச்ச?"

"நான் ஒண்ணும் வைக்கலை. சொன்ன சொல் என்னாச்சுன்னு அதுக கேக்குது. நீங்களே பதில் சொல்லுங்க."

உரமில்லாட்டா விளைச்சல் ஏது? பண்ணைக்காரர் மந்தைக்கு முன்னால நடக்கிற முன்மாட்டுக் காதுல முணுமுணுத்தார், "தப்புத்தான் தாயே." ஒண்ணும் நடக்கலை. சத்தமாச் சொன்னார். ஒண்ணும் நடக்கலை. அப்புறம் தமுக்கடிச்சு ஊரைக் கூட்டி, "இவனை ஏமாத்தினேன், ஏமாத்தினேன், ஏமாத்தினேன்"னு கத்தினார்.

முன்மாடு திரும்பி நின்னு வாலைத் தூக்குச்சு. பின்னாலேயே மத்த மாடுகளும் தூக்குச்சு. பண்ணைக்காரர் தலைப்பாகை மட்டும்தான் வெளியே தெரிஞ்சுது.

அன்னியிலேர்ந்து எந்த மாட்டுக்காரனும் அவர் வயல்ல கிடை போடலை. வயல் உவர் பூத்துப்போச்சு. முத்திருளனோ ஆத்தைத் தாண்டவே இல்லை. யாராவது பொண்ணு பாக்கவான்னு கேட்டா, "மாடு தண்ணி குடிக்கணும்"னு எழுந்து போயிடுவான். அவ்வளவுதான்.

அந்தப் பண்ணைக்காரர் பேரனுங்க இன்னும் இந்த ஊர்லதான் இருக்கானுங்க. யாரு சொன்னாங்கன்னு கேட்டா, என் பேரை மட்டும் மூச்சு விட்டுடாதீங்க, புள்ளைகளா!