பிரபுவின் மேட்டில் நரி தோண்டிய வளை

ஸ்லோவாக்கிய மலைநாட்டில், ரயில் எட்டிப் பார்க்காத காலத்தில், ஓந்திரெய் என்றொரு நிலவியலாளன் இருந்தான். செருப்புத் தைப்பவரின் மகன். மூன்று வருஷம் மலைமலையாக நடந்து, எந்த மண்ணுக்கடியில் எந்தப் பாறை இருக்கிறது என்று ஒரு வரைபடம் வரைந்திருந்தான்.

அதை அச்சேற்ற ஆர்பாத் பிரபுவின் ஒப்புதல் வேண்டும். பிரபுவோ, தன் மாளிகைக்குப் பின்னாலிருக்கும் மேடு முழுக்கக் கருங்கல்தான் என்று தடிமனாக ஒரு புத்தகமே எழுதியவர். வரைபடத்தில் அங்கே 'சுண்ணாம்புக்கல்' என்றிருந்ததைப் பார்த்ததும், விருந்தாளிகள் முன்னாலேயே கத்தினார்.

"சாப்பாடு முடிவதற்குள் நிரூபி! ஆனால் என் நிலத்தில் மண்வெட்டியோ சுத்தியலோ படக் கூடாது. முடியாவிட்டால் இந்தக் காகிதம் அடுப்புக்குத்தான்."

"அதற்கென்ன ஐயா" என்று கிளம்பிய ஓந்திரெய், இறைச்சி பரிமாறும்போதே திரும்பி வந்து, ஒரு வெள்ளைக் கல்லைப் பிரபுவின் தட்டில் வைத்தான். பேனாக்கத்தியால் அதைக் கொஞ்சம் சுரண்டிப் பொடியாக்கினான்.

"சாலட்டுக்கு வைத்திருக்கும் வினிகரை நீங்களே ஊற்றுங்கள். கருங்கல்லானால் சும்மா கிடக்கும், சுண்ணாம்புக்கல்லானால் நுரைக்கும்."

பிரபு ஊற்றினார். தட்டில் பொசுபொசுவென்று நுரை கிளம்பியது. விருந்தாளிகள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என் மேட்டை எவன் தோண்டினான்?" என்று பிரபு சீறினார்.

"வேட்டைக்கென்று நீங்கள் விட்டு வைத்திருக்கும் நரிதான் ஐயா. அதன் வளை வாசலில் இதே கல் குவிந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பாவம், அது உங்கள் புத்தகத்தைப் படிக்கவில்லை."